‘ஆஃபர்’ போர்டா, அண்ணாச்சி கடையா? டி.கல்லுப்பட்டியில் இருந்து மதுரைக்குப் போய் மளிகை வாங்கினால் கையில் நிஜமாக நிற்பது எவ்வளவு?

சம்பளம் வந்த முதல் வாரம் போனைத் திறந்தாலே ஆஃபர் மழைதான். ‘எம்.ஆர்.பி.யில் இருந்து 15% தள்ளுபடி’, ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’, ‘2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் சர்க்கரை ஒரு கிலோ 9 ரூபாய்’. மதுரை நகரத்துக்குள் இருப்பவருக்கு இது பக்கத்துத் தெரு விஷயம். ஆனால், 40 கி.மீ. தள்ளி, பேரையூர் தாலுகாவில் இருக்கும் டி.கல்லுப்பட்டிக்காரருக்கு? போகலாமா, வேண்டாமா என்பதே ஒரு கணக்கு.

அந்தக் கணக்கைப் பலரும் போடுவதில்லை. ‘பெரிய கடையில் சீப்பா கிடைக்கும்’ என்ற நம்பிக்கையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நம்பிக்கை முழுக்கத் தவறும் இல்லை. சில பொருட்களுக்கு அது உண்மை. சிலவற்றுக்கு நேர் எதிர்.

குறைத்து விற்று எப்படிக் கட்டுப்படியாகிறது?

தள்ளுபடிக் கடை என்பது தர்ம சத்திரம் இல்லை. அதன் பின்னால் தெளிவான வியாபார முறை இருக்கிறது. உலகத்துக்கே இதைக் கற்றுக்கொடுத்த கடைகளில் ஒன்று ஜெர்மனியின் ‘ஆல்டி’. எஸ்ஸென் நகரில் 1913-ல் ஓர் அம்மா திறந்த சின்னக் கடையை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மகன்கள் கார்ல், தியோ ஆல்பிரெக்ட் எடுத்து நடத்தினார்கள். அலங்காரம் கிடையாது, பொருள் வகைகள் குறைவு. அட்டைப் பெட்டியைப் பிரித்து அப்படியே அடுக்கிவிடுவார்கள். பத்து வகை ஜாம் வைப்பதற்குப் பதில் ஒரே வகையை மலைபோல் வாங்கினால், உற்பத்தியாளரிடம் விலையை இறக்கச் சொல்லிப் பேரம் பேசலாம். சூட்சுமம் அவ்வளவுதான்.

இந்தியாவில் இதற்குப் பெரிய உதாரணம், ராதாகிஷன் தமானி 2002-ல் மும்பை போவாயில் தொடங்கிய டிமார்ட். கடை இடத்தைப் பெரும்பாலும் சொந்தமாக வாங்கிவிடுவதால் வாடகைச் சுமை குறைவு. சரக்கு கொடுத்தவருக்குச் சீக்கிரம் பணம் கொடுப்பதால் அதற்கும் ஒரு கழிவு கிடைக்கும். அந்த மிச்சத்தில் ஒரு பங்குதான் வாடிக்கையாளருக்குத் தள்ளுபடியாக வருகிறது. எண்ணெய், பருப்பு, சோப்பில் லாபம் மெலிசு. கூட்டத்தை உள்ளே இழுப்பது அவற்றின் வேலை. துணி, பாத்திரம், பிளாஸ்டிக் டப்பா பக்கம் லாபம் கொஞ்சம் கொழுக்கும். மளிகை வாங்கப் போனவர் பெட்ஷீட்டோடு வருவது தற்செயல் இல்லை.

எம்.ஆர்.பி. என்பது விலை அல்ல

இது புரிந்தால் பாதி ஆஃபர்களின் சாயம் வெளுத்துவிடும். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளையும் சேர்த்து, இதற்கு மேல் விற்கக் கூடாது என்று தயாரிப்பாளரே அச்சிடும் உச்ச வரம்பு. அந்தப் பொருள் அவ்வளவு பெறும் என்று யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. பிரபல பிராண்டுகள் ஓரளவு போட்டிக்குப் பயந்து அச்சிடுவார்கள். பெயர் தெரியாத பிராண்டுக்கும், சில கடைகளின் சொந்த பிராண்டுக்கும் அந்தப் பயம் இல்லை. 300 ரூபாய் என்று அச்சிட்டு, 50% தள்ளுபடி என்று போர்டு வைத்து, 150-க்கு விற்கலாம். அதே தரத்துச் சரக்கு பக்கத்தில் போர்டே இல்லாமல் 140-க்கு இருக்கும்.

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. மாறியபோது இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றுக்கு 18% இருந்த வரி 5% ஆனது. வரியோடு 118 ரூபாயாக இருந்த பொருள் 105 ரூபாய்க்கு வர வேண்டும். அதாவது, பழைய எம்.ஆர்.பி.யில் இருந்து 11% குறைவு. பழைய எம்.ஆர்.பி. அச்சிட்ட பாக்கெட்டில் ‘11% ஆஃபர்’ என்று ஒரு கடை போர்டு வைத்திருந்தால், அது தன் கையில் இருந்து ஒரு பைசாவும் விட்டுக்கொடுக்கவில்லை. அரசு குறைத்த வரியைத்தான் ஆஃபர் என்று சொல்லியிருக்கிறது.

ஆகவே ‘எத்தனை சதவீதம் தள்ளுபடி’ என்ற கேள்வியையே விட்டுவிடுவது நல்லது. கேட்க வேண்டியது, ‘கிலோ என்ன விலை விழுது?’

பாக்கெட் சுருங்கிய கதை

முன்பெல்லாம் பிஸ்கட், டீத்தூள், எண்ணெய், மாவு, பருப்பு, சோப்பு போன்ற பொருட்களை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகளில் ஒரு பட்டியல் இருந்தது. 100 கிராம், 200, 500, ஒரு கிலோ என்று நேரான எண்கள். எந்தக் கடையில் பார்த்தாலும் ஒப்பிடுவது சுலபம். மத்திய அரசு 2021 நவம்பரில் அறிவித்த திருத்தம் அந்தப் பட்டியலை நீக்கிவிட்டது. அதனால்தான் இன்று 870 கிராம், 425 கிராம், 180 மில்லி என்று வாய்க்கு வந்த அளவில் பாக்கெட்டுகள் வருகின்றன. உறையின் உயரமும் அகலமும் பழையபடியே இருக்கும். உள்ளே இருப்பதுதான் மெலிந்திருக்கும்.

எண்ணெயை எடுத்துக்கொள்வோம். இங்கே வருவன உதாரண விலைகள்தான். ஒரு பாக்கெட்டில் ‘1 லிட்டர் / 910 கிராம்’, கடை விலை 152 ரூபாய். பக்கத்தில் அதே மஞ்சள் நிறம், அதே உயரம், இன்னொரு பிராண்டு, 138 ரூபாய். கை தானாக 138-க்குத்தான் போகும். திருப்பிப் பார்த்தால் 800 கிராம். இப்போது போனில் கால்குலேட்டரைத் திறங்கள். 152-ஐ 0.910 ஆல் வகுத்தால் கிலோ 167 ரூபாய். 138-ஐ 0.800 ஆல் வகுத்தால் கிலோ 172.50. ‘சீப்’ பாக்கெட்தான் காஸ்ட்லி. எண்ணெயை லிட்டரில் ஒப்பிடாமல் கிராமில் ஒப்பிடுவது இன்னும் பத்திரம். சூடு ஏறினால் எண்ணெய் விரியும், லிட்டர் கணக்கு மாறும். எடை மாறாது.

பட்டியலை நீக்கிய அதே திருத்தம், பதிலுக்கு ஒன்றைக் கொடுத்தது: அலகு விலை. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே கிராமுக்கு அல்லது கிலோவுக்கு எவ்வளவு என்று பொடி எழுத்தில் அச்சிட வேண்டும். நல்ல விஷயம்தான். ஆனால் அதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்டில் கிராமுக்கும், அதிகமான பாக்கெட்டில் கிலோவுக்கும் விலை போடுகிறார்கள். ‘கிராமுக்கு ரூ.0.18’ என்பதையும் ‘கிலோவுக்கு ரூ.172’ என்பதையும் நின்ற இடத்தில் ஒப்பிட, மனக்கணக்கு தெரிய வேண்டும் (கிராம் விலையை ஆயிரத்தால் பெருக்குங்கள், அவ்வளவுதான்). இரண்டாவது, பைசாவோடு முடிந்துவிடுவதால் நுணுக்கம் தொலைந்துபோகிறது. 500 கிராம் பாக்கெட் ஒன்று 78 ரூபாய், இன்னொன்று 82 ரூபாய் என்றால், இரண்டிலும் ‘கிராமுக்கு ரூ.0.16’ என்றுதான் இருக்கும். கிலோவுக்கு 8 ரூபாய் வித்தியாசம் அந்தப் பொடி எழுத்தில் காணாமல் போய்விட்டது. மூன்றாவது, அந்த எண் எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது. கடை கொடுக்கும் விலைக்கு அல்ல. ஆக, கால்குலேட்டரை விட முடியாது.

எண்ணெய் வரிசையில் இன்னும் ஒரு விஷயம். நல்லெண்ணெய் பாட்டில்களுக்கு நடுவே, கிட்டத்தட்ட அதே சாயலில், பாதி விலையில் நிற்பது பெரும்பாலும் விளக்கு எண்ணெய். சமையலுக்கு ஆகாது என்று பாட்டிலில் எழுதியிருப்பார்கள். அவசரத்தில் எடுப்பவர் படிப்பதில்லை. கடலைப் படம் போட்ட பாக்கெட்டிலும் ‘கலப்பு எண்ணெய்’ என்று சின்னதாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அது மோசம் என்றில்லை. ஆனால் கடலை எண்ணெய் விலையோடு அதை ஒப்பிட்டு ‘லாபம்’ என்று சந்தோஷப்படக் கூடாது.

சரி, பஸ் ஏறலாமா?

டி.கல்லுப்பட்டியில் ஒரு வீடு. மாதத்துக்கு எண்ணெய், பருப்பு, டீத்தூள், சோப்பு, மசாலா, பிஸ்கட் எல்லாம் சேர்த்து எம்.ஆர்.பி. கணக்கில் 2,500 ரூபாய்க்குச் சாமான் என்று வைத்துக்கொள்வோம். நகரத்துத் தள்ளுபடிக் கடை சராசரியாக 12% குறைக்கிறது. 300 ரூபாய் மிச்சம். ஊர்க் கடைக்காரரும் எம்.ஆர்.பி.க்கே விற்பதில்லை, 3% குறைக்கிறார் என்றாலே 75 ரூபாய். ஆக, மதுரைக்குப் போவதால் கூடுதலாகக் கிடைப்பது 225 ரூபாய்.

பைக்கில் போக வர 80 கி.மீ. லிட்டருக்கு 50 கி.மீ. கொடுக்கும் வண்டி என்றாலும் 1.6 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் 160 ரூபாய் போச்சு. மிஞ்சுவது 65 ரூபாய். அங்கே ஒரு ஜூஸ், பார்க்கிங், ‘இது நல்லா இருக்கே’ என்று எடுத்த ஒரு டப்பா... கணக்கு மைனஸில் இறங்கிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். பஸ்ஸில் போனால் செலவு குறையும். ஆனால் எண்ணெயும் பருப்புமாகப் பத்துக் கிலோவைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறதே என்றால், அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான். கல்லுப்பட்டி வழியாக ராஜபாளையம், தென்காசி போகும் வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

கணக்கு தலைகீழாகும் ஒரு இடமும் இருக்கிறது. வேலைக்காகத் தினமும் திருமங்கலத்துக்கோ மதுரைக்கோ போய்வருபவருக்குப் பயணச் செலவு எப்படியும் ஆகிறது. மளிகைக்கு என்று தனியாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அவருக்கு அந்த 225 ரூபாய் முழுசாக மிச்சம். வருடத்துக்கு 2,700 ரூபாய். இரண்டு, மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து பட்டியல் கொடுத்து, போகிறவர் ஒருவரே வாங்கி வந்தாலும் இதே பலன்தான். ஆகவே, கல்லுப்பட்டியில் இருந்து மளிகைக்காகவே மதுரைக்குப் போகாதீர்கள். போகும்போது வாங்கி வாருங்கள்.

தள்ளுபடி வேண்டிய இடம் அரிசி இல்லை

வீட்டுச் செலவு குறித்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு (2022-23) ஒரு சுவாரசியமான விஷயத்தைக் காட்டியது. கிராமப்புற இந்தியாவில் மாதச் செலவில் 100-க்கு 46 ரூபாய் உணவுக்குப் போகிறது. அதில் அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்கு 5 ரூபாய்கூட இல்லை. பானங்கள், பதப்படுத்திய உணவுகளுக்கு ஏறக்குறைய 10 ரூபாய். உணவுச் செலவில் மிகப் பெரிய துண்டு அதுதான். அரிசி விலையில் இரண்டு ரூபாய் குறைகிறதா என்று மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு, சிப்ஸ் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்டால் என்ன பிரயோஜனம்?

தமிழ்நாட்டில் அரிசியின் நிலைமை இன்னும் தனி. ரேஷனில் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். சோற்றுக்குக் கடையில் பொன்னி வாங்கினாலும், ரேஷன் அரிசியை இட்லி மாவுக்குச் சேர்க்கும் வீடுகள் நிறைய. அதைவிட முக்கியம், பலரும் ‘யார் போய் வரிசையில நிக்கிறது’ என்று விட்டுவிடும் பருப்பும் எண்ணெயும். கார்டுக்குத் துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். வெளியே துவரம் பருப்பு கிலோ நூறைத் தாண்டி நிற்கும்போது, இந்த இரண்டில் மட்டும் மாதம் 150 ரூபாய் போல மிஞ்சும். பைக்கில் மதுரைக்குப் போய்ப் பிடித்த 65 ரூபாயை விட இது இரண்டு மடங்குக்கும் மேல்!

மூட்டை அரிசி வாங்குபவருக்கு ஒரு தகவல். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை லேபிளோடு அடைத்த அரிசி, பருப்பு, மாவுக்கு 5% ஜி.எஸ்.டி. உண்டு. உதிரியாக எடை போட்டு வாங்கினால் இல்லை. இந்த 25 கிலோ வரம்பைத் தாண்டத்தான் நம்ம ஊர் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது. ஆகவே மூட்டைக்கு மூட்டை விலையை ஒப்பிடாமல், 25-ஆல் அல்லது 26-ஆல் வகுத்து கிலோ விலையைப் பாருங்கள்.

அண்ணாச்சி கடையை எங்கே வைப்பது?

பிராண்டு பொருட்களில் ஊர்க் கடை பெரிய கடையோடு மோத முடியாது. ஆனால் உதிரிச் சரக்கில் கதை வேறு. கண்ணாடி மாதிரி பாக்கெட், பிராண்டு, விளம்பரம் எதுவும் இல்லாத பருப்பு, வத்தல், மல்லி, புளி ஆகியவற்றை மூட்டையில் இருந்து எடை போட்டுக் கொடுப்பதால் விலை பல நேரம் குறைவு. கையில் அள்ளிப் பார்த்தும் வாங்கலாம். கல்லுப்பட்டிக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. தெற்கே பக்கத்திலேயே விருதுநகர் மார்க்கெட். பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய்க்குப் பேர்போன சந்தை. நாளிதழ்களில் ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று பருப்பை நூறு கிலோ மூட்டைக்கும், எண்ணெயை 15 கிலோ டின்னுக்கும் விலை போடுவார்கள். அந்தப் பருப்பு விலையை நூறால் வகுத்துப் பாருங்கள். சூப்பர் மார்க்கெட்டோ ஊர்க் கடையோ, அதற்கு மேல் எவ்வளவு வைத்து விற்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஊர்க் கடையின் இன்னொரு சரக்கு, கணக்கு நோட்டு. மாசக் கடைசியில் சொல்லிவிட்டு எடுத்துப் போகலாம். சூப்பர் மார்க்கெட்டில் அது நடக்காது. அந்தக் கடனுக்கான வட்டி பருப்பு விலையிலேயே ஒளிந்திருக்கும் என்பதும் உண்மை. ஆகவே ரொக்கம் கொடுப்பவர் அதைச் சொல்லியே கேட்கலாம்: “கையில காசு அண்ணாச்சி, விலையப் பாத்துப் போடுங்க.” பெரும்பாலும் போடுவார்.

காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா கடைசிக் காலத்தில் வாழ்ந்தது இந்தக் கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். 1960 ஜனவரி 30-ல் காலமானார். பொருள் யாரால், எப்படிச் செய்யப்பட்டது என்பதில் வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு. மலிவு என்பது மட்டும் நியாயம் ஆகிவிடாது என்பது அவர் வாதம். மாதக் கடைசியில் பர்ஸைத் தடவிப் பார்ப்பவரிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் நகரத்துக்குப் போகும் ஒவ்வொரு ஆயிரமும் ஊர்க் கடைத்தெருவில் சுற்றாத ஆயிரம் என்பதும் கணக்கில் சேர்த்தி.

மொத்தமாக வாங்கி மிச்சம் பிடிப்பதும் பெரிய கடைகள் கண்டுபிடித்த வித்தை அல்ல. மாசி முதல் சித்திரை வரை புது வத்தல், புதுப் புளி வரும்போது வருஷத்துக்கும் வாங்கி, காயவைத்து, பானையில் அடைப்பது இந்தப் பக்கத்து வீடுகளின் பழக்கம். வரத்து அதிகமாக இருக்கும்போது விலை இறங்கும். ஐப்பசியில் அதே வத்தல் ஏறி நிற்கும். மசாலாப் பொடி பாக்கெட்டுக்கு 10% தள்ளுபடி தேடுவதைவிட, வத்தலும் மல்லியும் வாங்கிக் காயவைத்து மில்லில் அரைப்பதில் மிச்சம் அதிகம். ரவை, மைதா, கடலை மாவை மட்டும் இப்படி வாங்காதீர்கள். ‘5 கிலோ எடுத்தால் சீப்’ என்று எடுத்து, மூன்றாம் மாதம் பாதியை வண்டுக்குக் கொடுப்பதில் என்ன ஆஃபர்?

தேதியும் பில்லும்

பாதி விலைக்கு விற்கும் பாக்கெட்டில் முதலில் தேதியைப் பாருங்கள். காலாவதி தேதி நெருங்குவதால் குறைத்திருப்பார்கள், அது தப்பில்லை. அந்த வாரமே தீர்ந்துவிடும் பிரெட், தயிர் என்றால் தாராளமாக எடுக்கலாம். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று கட்டி வைத்திருக்கும் ஜோடியில் இரண்டின் தேதியும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவசியம்.

கவுன்ட்டரை விட்டு நகரும் முன் பில்லை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ரேக்கில் ஒட்டிய ஆஃபர் விலை, கம்ப்யூட்டரில் ஏறாமல் பழைய விலையே விழுவது உண்டு. அங்கேயே சொன்னால் பெரும்பாலும் திருத்திக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மறுபடி 40 கி.மீ. போக வேண்டும். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினாலோ, எடை குறைந்தாலோ பில்லையும் பாக்கெட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். தமிழ்நாட்டில் எடையளவு, எம்.ஆர்.பி. மீறல்களைக் கவனிப்பது தொழிலாளர் துறை. புகாரை அந்தத் துறையின் மாவட்ட அலுவலகத்திலும் கொடுக்கலாம்.